நூறு இல்லை, நூருது

எண்பதுகளின் நடுவில் ஜாலான் புசாரில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தேன். செகண்டரி டூவோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்திருந்தது. மீட்டர் பிடிக்கத் தெரியும், ஆசிட் ஊற்றத் தெரியும், கடைக்கு வருகிறவர்களைக் கிண்டல் செய்யத் தெரியும். மூன்றாவதுதான் எனக்கு நன்றாக வரும்.

அந்த வருஷம் எங்கள் சீன முதலாளி சோலார் பலகை விற்கத் தொடங்கினார். விற்றது ஒன்றே ஒன்று. புலாவ் உபின் தீவில் ஒரு சர்ச்சுக்கு முகாம் வீடு இருந்தது. அங்கே கரண்ட் கிடையாது. அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சர்ச் கமிட்டி ஜெனரேட்டர் வாங்கலாம் என்றதாம். அந்தச் சத்தத்தில் எப்படி ஜெபிப்பது என்று வாதாடி, சோலாரை வாங்க வைத்தது இவர்தான். ஓடவில்லை என்றால் வீட்டுச் சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். ராத்திரி விளக்கு அரை மணி நேரம்கூட நிற்பதில்லையாம். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி உண்டு, கண்ட்ரோலர். சார்ஜ் ஏறும்போது அதில் பச்சை லைட் எரியும். பேட்டரி நிறைந்ததும் பெட்டியே சார்ஜை நிறுத்திவிடும். பச்சை லைட் என்ன செய்கிறது என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்து நேரம் நேரமாக எழுதி வைத்திருந்தார்.

"உச்சி வெயிலுக்கை பச்சை லைட் நூருது, தம்பி. மேகம் மூடினா திரும்ப எரியுது."

என் காதில் விழுந்தது நூறு.

"நூறா? யாரு அங்கிள் மார்க் போட்டது? நான் ஸ்கூல்ல முப்பதைத் தாண்டினதே இல்ல லா."

கடை லாரி ஓட்டுகிற அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கு அது போதும்.

"நூறில்லை, தம்பி. நூருது."

"அதான் சொல்றேன். நூறு வாங்குன பெட்டியில நான் என்னத்த ரிப்பேர் பண்றது?"

இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார். சிரித்துக்கொண்டிருந்த லாரி அண்ணனைப் பார்த்தார். நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, பேட்டரி வீக்காக இருக்குமோ என்று இங்கிலீஷில் கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றேன். தீவுக்குப் போய் பேட்டரியைக் கழற்றி வந்து, கடையில் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன்.

சில நாள் ஓடியது. பிறகு சர்ச் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போன முதல் நாளே வீடு இருட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேசி முடிவெடுப்பதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. அவர் மறுபடி கடைக்கு வந்தார். கையில் நோட்டு இல்லை.

"பச்சை லைட் மத்தியானத்துல அணைஞ்சிடுது, தம்பி," என்றார்.

எங்கள் ஆட்கள் பேசுகிற மாதிரியே, மனப்பாடம் செய்துவந்தது போல நிதானமாகச் சொன்னார். அந்த நொடியில்தான் போன முறை அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கியது. நூருது என்றால் அணைகிறது.

மறுநாள் அவரோடு படகேறினேன். வெயில் ஏற ஏற மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியில் பதினாலரை வோல்ட், பேட்டரியில் பன்னிரண்டரை. பச்சை லைட் அணைந்தது. பேட்டரியில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றினால் உள்ளே கடல் காற்றில் பச்சைப் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. வெயில் அதிகமானால் கரண்ட் அந்த உப்பைத் தாண்ட முடியாமல் முட்டும்; பேட்டரி நிறைந்துவிட்டது என்று ஏமாந்து பெட்டி சார்ஜை நிறுத்திவிடும். அவர் நோட்டில் இருந்ததும் இதுதான். போன முறை அந்தக் கிளாம்ப்பைத் துடைக்காமல் வைத்து முறுக்கியது நான். உப்புத்தாள் வைத்து ஐந்து நிமிஷம் தேய்த்தேன். அதன் பிறகு லைட் அணையவில்லை.

கமிட்டி முன்னால் வந்து விஷயத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் சொன்னால் நம்புவார்களாம். ஞாயிற்றுக்கிழமை தலையைப் படிய வாரிக்கொண்டு ஃபேரர் பார்க் பக்கம் இருந்த அந்தச் சர்ச்சுக்குப் போனேன். டை கட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டு நான் பேசுவதைக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நன்றாகவே பேசினேன்.

தலைவர் கேட்டார்: "அப்ப கிளீன் பண்ணாததுதான் ப்ராப்ளமா?"

"ஆமா சார்."

"அதைக்கூட பாக்காம என்ன கேர்டேக்கர் லா."

எல்லாரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்தேன்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வரி. இவர் அன்றைக்கே சரியாகச் சொன்னார், எனக்குத்தான் காது கேட்கவில்லை. கிளாம்ப்பைத் துடைக்காமல் மாட்டியது நான். அந்த இரண்டு வரியும் வாயில் வரவில்லை. நாள் முழுக்க மூடாத வாய் அது.

சோலார் இருக்கட்டும் என்று முடிவானது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். லைட்தான் எரிகிறதே, சாவியைத் தர வேண்டிய அவசியமே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசலில் அவரைப் பிடித்தேன். "அங்கிள்" என்றேன்.

"லைட் இனி அணையாதுதானே?" என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன், அவர் சொல்லையே எடுத்தேன். "நூராது, அங்கிள்."

அவர் முகம் சுருங்கியது. மறுபடியும் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.