மஞ்சள் ஸ்லீவ் மாட்டிய கம்பி

என் பட்டறைச் சுவரில் ஒரு சாண் செப்புக் கம்பி ஆணியில் தொங்குகிறது. அதில் கரண்டு கசியாமல் காக்கும் மஞ்சள் ஸ்லீவ் குழாய்த் துண்டுகள் ஆறு, நடுநடுவே நெல்மணி அளவு இடம் விட்டு மாட்டியிருக்கும். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற எவனும் இப்படி இடைவெளி விட்டு ஸ்லீவ் மாட்டமாட்டான். மாட்டியது நானில்லை, என்னை மறுபடி நடக்கவைத்த பிசியோ மேடம்.

உத்திரமேரூரில் விவசாயிகளின் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். சில வருஷம் முன்பு ஒரு காய்ச்சல் விட்ட கையோடு பாதம் மரத்தது. நாலே நாளில் இரண்டு காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் நரம்பைத் தாக்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நரம்பு செத்தது, தொழிலும் போயிற்று என்று நானே முடிவுகட்டி, யாருக்கும் முகம் கொடுக்காமல் கிடந்தேன்.

வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்த மேடம், முதல் வாரமே என் மனைவியிடம் சொல்லிக் கம்பியும் ஸ்லீவும் எடுத்துவரச் செய்தார். இந்தக் கம்பிதான் நரம்பு செல்லின் நீண்ட வால், முதுகுத்தண்டிலிருந்து காலுக்குச் சேதி இதில்தான் போகிறது என்றார். ஸ்லீவ் என்பது அதைச் சுற்றிச் சுற்றிப் படிந்து உறையாகும் துணை செல்கள். எனக்குக் கம்பி அறுந்துவிடவில்லை, உறைதான் உரிந்திருக்கிறதாம். இடைவெளி விட்டால் லீக்கேஜ் ஆகாதா என்று சண்டைக்குப் போனேன், தொழில் புத்தி. அந்த இடைவெளிகளில்தான் சேதி தாவித் தாவி வேகமாகப் போகும் என்று சிரித்தார். இந்த உறைக்கு உயிர் உண்டு, நரம்புக்குச் சோறு ஊட்டுவதும் அதுதான், உரிந்தாலும் மறுபடி சுற்றிக்கொள்ளும், ஆனால் மாசக்கணக்கில் ஆகும் என்றார்.

பொறுமை எனக்கேது? நடவு நேரத்தில் ஆட்கள் வந்து நின்றால், சுற்றிய கம்பிக்கு ஊற்றிய வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே மோட்டாரைத் தூக்கிக் கொடுத்து, அது கிணற்றடியில் புகைந்து திரும்பி வந்ததுண்டு. காலிலும் அதே வேலையைக் காட்டினேன். யாருமில்லாதபோது ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து, பொத்தென்று விழுந்தேன். முழங்கால் வீக்கத்தைக் கைலியால் மூடி வைத்தும் மேடம் கண்டுபிடித்துவிட்டார்.

"வார்னிஷ் காயாத மோட்டாருக்குக் கரண்டு குடுப்பீங்களாண்ணா?"

"குடுத்தா புகைஞ்சிபூடும் மேடம்," என்றேன்.

"அப்ப காலுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு தடவைகூட எழுந்து பார்க்கவில்லை. மூன்றாம் மாசம் ஒரு மத்தியானம் வலது கால் சுண்டுவிரலை எறும்பு கடித்தது. கடித்தது எனக்குத் தெரிந்தது. தட்டிவிட வந்த மனைவியைத் தடுத்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். அந்த மகராசி நன்றாயிருக்க வேண்டும்.

நேற்று சாலவாக்கத்து விவசாயி ஒருவர், நாற்று காய்கிறது, இப்போதே மோட்டார் வேண்டும் என்று நின்றார். வார்னிஷ் காயட்டும், நாளைக்குத்தான் என்றேன். அவருக்குக் கம்பியைக் காட்டலாமென்று எழுந்து வெறுங்காலோடு சுவரருகே போனேன். தரையில் கிடந்த செப்புத் துண்டு பாதத்தில் சுருக்கென்று ஏறியது.

"செருப்பு போட்டுக்கினு வேலை செய்யக் கூடாதா நைனா?" என்றார்.

மேடமும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆணியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று துண்டைப் பிடுங்கினேன். வலித்தது. நன்றாகவே வலித்தது.