இடது காலின் மேல் விழுந்த பழி

ஓட்டுநர் பயிற்சி ஆசிரியையை எல்லோரும் ‘கிளட்ச் டீச்சர்’ என்றே அழைத்தார்கள். பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பதினேழு ஆண்டுகளில் அவரிடம் கற்ற ஏறத்தாழ அறுநூறு பேரும் முதல் நாள் கேட்டது “கிளட்சை மெதுவா விடுங்க” என்பதையே. கடைசி நாள் கேட்டதும் அதையே. அதற்கு முன் அவர் அதே பயிற்சிப் பள்ளியில் தட்டச்சராக இருந்தார். முதலாளி ஓய்வு பெற்றபோது பெயர்ப்பலகையையும், முன்னிருக்கை இரண்டுக்கும் தனித்தனியே பிரேக்கும் கிளட்சும் பொருத்திய காரையும் அவருக்கே விற்றுவிட்டுப் போனார். காருக்கு இப்போது வயது இருபத்தொன்பது.

தட்டச்சு போனாலும் பதிவு செய்யும் பழக்கம் போகவில்லை. அவருடைய கணவர் புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். ஆண்டுக்கொரு முறை கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றை மனைவிக்குக் கட்டிக் கொடுப்பார். பயிற்சியின்போது கார் நின்றுபோனால் அதில் ஒரு வரி எழுதப்படும்: தேதி, இடம், கியர், பயிற்சி தொடங்கி எத்தனையாவது நிமிடம், காரணம். காரணம் என்ற பத்திக்கு மூன்று சொற்களே போதுமானவையாக இருந்தன: கிளட்ச், பதற்றம், கவனக்குறைவு. கார் நின்றதற்குக் காரே காரணமாக இருக்கலாம் என்று அந்தப் பத்தியில் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை. ஆசிரியையிடம் அதற்கு வலுவான சான்று இருந்தது. நாள் முழுவதும் மாணவர்கள் கையில் முக்கி முனகிய கார், மாலையில் அவர் புறவழிச்சாலையில் வேகம் பிடித்து வீடு திரும்பும்போது பட்டுப் போல ஓடும். குற்றம் யாருடையது என்பதை வேறு எப்படி நிறுவ வேண்டும்?

அந்தப் பருவத்தில் பழி முழுவதையும் சுமந்தது ஒரு மகப்பேறு செவிலியின் இடது கால். செவிலிக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகள் பிரசவ வார்டில் நின்றவர்; எண்ணிக்கை விட்டுப்போகும் அளவுக்குக் குழந்தைகளை வெளியே எடுத்தவர்; ஆனால் தன் கையில் பிறந்த ஒரு குழந்தை இரண்டு மாதத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் துணியில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்; அதோடு சரி. பிரசவமான வீடுகளுக்கு நேரில் போய்த் தாயையும் சேயையும் பார்க்கும் பணி ஒன்று சுகாதார அலுவலகத்தில் இப்போதுதான் காலியாகியிருந்தது. கார் அவர்கள் தருவார்கள். உரிமம் இவர் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் பணி பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். செவிலி இருமுறை தேர்வுக்குப் போய், இருமுறையும் ஏற்றத்தில் கார் நின்று திரும்பியிருந்தார். மூன்றாவது வாய்ப்பு அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

அந்த இடது காலைப் பழக்குவதற்கென்று ஆசிரியை ஒரு பயிற்சியும் கொடுத்திருந்தார். மேசைக்கடியில் இரண்டு தலையணைகளை அடுக்கி இடது காலால் மிதித்து மிதித்து விட வேண்டும். செவிலி அதை வார்டு மேசைக்கடியிலேயே மூன்று வாரம் சிரத்தையாகச் செய்தார். கால் பிடிப்பா என்று விசாரித்த ஆயாக்களுக்குப் பதில் சொல்லி அவருக்கு வாய் வலித்தது.

புதன்கிழமை மாலை, செவிலியின் பிழைகளைத் தொகுத்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆசிரியை நோட்டை விரித்தார். செவிலியின் கணக்கில் பதினான்கு வரிகள். அவற்றில் ஒன்பது ஒரே ஏற்றத்தில். ஒன்பதும் இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு. அதுவரை வியப்பு ஏதுமில்லை. களைத்த கால் தடுமாறும் என்பது அவருடைய கொள்கை. பக்கத்தைத் திருப்பியபோதுதான் விரல் ஒரு வரியில் நின்றது. பதினெட்டு ஆண்டு லாரி ஓட்டியவர், காலாவதியான உரிமத்தைப் புதுப்பிக்க வந்தவர். அதே ஏற்றம், இருபத்து நான்காவது நிமிடம். காரணம்: கவனக்குறைவு. எதிரில் பசை காய்வதற்காகக் காத்திருந்த கணவரிடம் அதைப் படித்துக் காட்டினார்.

“லாரிக்காரருக்கே கிளட்ச் தெரியலைன்னு எழுதியிருக்கியா நீ?” என்றார் கணவர். “நல்லவேளை, அந்த மனுசன் இதைப் படிக்கல.”

மறுநாள் காலை காரின் மூடியைத் திறந்து நான்கு ஸ்பார்க் ப்ளக்குகளையும் கழற்றினார் ஆசிரியை. நான்கின் முனையிலும் அடுப்புக்கரி பூசியது போல உலர்ந்த கருமை. பொறி பறக்க வேண்டிய இடைவெளியில் அளவுத்தகட்டை நுழைத்துப் பார்த்தார். காரின் கையேடு அதை ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் இருக்கச் சொன்னது. இருந்ததோ முழுதாக ஒரு மில்லிமீட்டர். நான்கு மாதத்துக்கு முன் ப்ளக் மாற்றியபோது பெட்டியின் மேல் ‘அளவு வைக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தது. எழுத்தில் இருந்ததால் அவர் அளக்கவில்லை. யாருடைய காருக்கு வைத்த அளவு என்று பெட்டியும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் தானாக விளங்கியது. பயிற்சிக் கார் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே பிழைக்கிறது. ப்ளக் முனை சூடேறாமல் கரி படிகிறது; இடைவெளியும் அதிகமாக இருப்பதால் இருபது நிமிடத்தில் பொறி பலவீனமாகி ஏற்றத்தில் எஞ்சின் மூச்சை விடுகிறது. மாலையில் புறவழிச்சாலை வேகத்தில் முனை சூடாகிக் கரி ஓரளவு எரிந்துவிடுகிறது. தன் சவாரியே தினமும் தடயத்தைத் துடைத்து வந்திருக்கிறது என்று தெரிந்தபோது ஆசிரியைக்குச் சிரிப்பும் வந்தது; முகமும் சுட்டது.

உதிரிபாகக் கடை அவருடைய தம்பியுடையது. அக்கா வருவதைப் பார்த்ததுமே அவன் மிக விலையுயர்ந்த ப்ளக்கை எடுத்து மேசையில் வைத்து, இதன் பேரைக் கேட்டாலே வண்டி கிளம்பிவிடும் என்றான். அவர் அதை ஒரு விரலால் அவன் பக்கமே தள்ளிவிட்டு, தமக்கு வேண்டியதை விளக்கினார்: கையேட்டில் உள்ள வகைதான், ஆனால் முனையில் சூட்டைச் சற்று அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகம், ஒரே ஒரு படி மட்டும் சூடு கூடியது.

“அப்ப ஒரு நம்பர் கூட்டிக் குடு.”

“கூட்டினா இதுல குளுந்துரும்க்கா. இந்தக் கம்பெனிக்காரன் தலைகீழா நம்பர் போடுவான். பக்கத்து கம்பெனியிலதான் ஏத்தினா சூடு ஏறும்.” கூடவே சேர்த்துக்கொண்டான்: “இந்த வண்டியப் பாக்குற அக்கறையில கால்வாசி மாமாவப் பாத்திருந்தா அவரு இப்படி இளைச்சிருக்க மாட்டாரு.”

இந்த வாரம் சமையல் முறை மாமாவுடையது, இளைத்ததற்கு அதுதான் காரணம் என்று பதில் சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த அட்டவணையைத் தாமே இருமுறை படித்த பிறகே ஒரு எண் குறைந்த நான்கை வாங்கினார். ஒரு எண் தவறியிருந்தால் கரி இன்னும் வேகமாகப் படிந்திருக்கும். பழி மறுபடியும் இடது காலின் மேலேயே விழுந்திருக்கும்.

பிற்பகல் நான்கு மணிக்குக் கடைசிப் பயிற்சிக்கு வந்த செவிலி, மூடி திறந்த காரையும் துணியில் வரிசையாக வைத்த ப்ளக்குகளையும் கண்டு அப்படியே நின்றார். நாளை தேர்வு, கார் இந்தக் கோலத்தில். ஆசிரியை எழுந்து கையைத் துடைத்தார். அறுநூறு பேரில் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

“அக்கா, உங்க பேர்ல பதினாலு தடவை எழுதியிருக்கேன். அதுல ஒம்பது உங்க தப்பு இல்ல. வண்டியோடது. பாக்காம விட்டது நான்.”

செவிலி தம் இடது காலைக் குனிந்து பார்த்தார். “அப்ப மூணு வாரமா நான் தலகாணிய மிதிச்சது?”

“காலுக்கு நல்லதுதான்.”

“மீதி அஞ்சு?”

“அது நீங்கதான்.”

செவிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “அப்ப நம்பலாம். பதினாலும் என்னது இல்லன்னிருந்தா, நாளைக்காகத் தைரியம் சொல்றீங்கன்னு நெனச்சிருப்பேன்.”

இடைவெளி வைக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. புது ப்ளக்குகள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த இடைவெளியோடு வந்திருந்தன. நடுமுனைக்கு மேல் வளைந்து நிற்கும் வெளிக்கொம்பை மரக்கட்டையில் மெல்லத் தட்டி நெருக்க வேண்டும். நடுமுனையைத் தொடவே கூடாது. ஆசிரியை தட்டியதில் முதலாவது ஒட்டிக்கொண்டது, விரித்தார், விரிந்துவிட்டது, மூன்றாம் முறை சரிக்கட்டினார். பிரேக்கை மிதித்துப் பழகிய உடம்புக்கு மெதுவாக என்பதே கொஞ்சம் பலமாகத்தான் வந்தது. இரண்டாவதும் அதே பாடு. செவிலி அருகில் உட்கார்ந்து, தகடு எப்படி வரவேண்டும் என்று கேட்டார். லேசாகப் பிடிக்க வேண்டும், ஆனால் இழுத்தால் வந்துவிட வேண்டும் என்றார் ஆசிரியை. செவிலி மூன்றாவதை எடுத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, இரண்டு தட்டில் முடித்தார். நான்காவதற்கு ஒரு தட்டு. பிறகு கேட்காமலே முதல் இரண்டையும் எடுத்துத் தகடு விட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது தொளதொளன்னு இருக்கு டீச்சர்.”

ப்ளக்குகளைக் கையாலேயே மரை பிடிக்கும்வரை திருகி, சாவியால் அரைச்சுற்றுக்குச் சற்று மேல் இறுக்கி, வயர்களை ஒவ்வொன்றாக மாட்டி முடித்தபோது ஐந்தரை. அன்று நாற்பது நிமிடம் வேண்டுமென்றே முதல் கியரில் ஊர்ந்துவிட்டு ஏற்றத்துக்குப் போனார்கள். நடுவில் நிறுத்தி எடுத்தபோது கார் அணையாமல் பிடித்தது, ஏறியது. நான்கு முறை. செவிலி மகிழ்ச்சியைக் காட்டவில்லை. வண்டியில் நீங்களும் இருந்தீர்கள், நாளை நான் தனியாக அல்லவா என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தேர்வுத் திடலின் ஓரத்து நீள்பலகையில் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். காருக்குள் செவிலியும் தேர்வாளரும். தேர்வுக்காக ஏற்றத்தின் நடுவில் செவிலி காரை நிறுத்தியபோது ஆசிரியையின் இடது கால் தானாகத் தரையை அழுத்தியது. கார் ஒரு விரற்கடை கூடப் பின்வாங்காமல் மேலே ஏறிப்போனது. மூச்சு விட்டார். கடைசியில் சமதளத்தில், வண்டியை ஓரம் கட்டும் இடத்தில், எஞ்சின் திடீரென்று அடங்கியது. ஆசிரியை எழுந்துவிட்டார். நான்கு ப்ளக்குகளும் வரிசையாகக் கண்முன் வந்தன; தொளதொளவென்று இருந்த அந்த ப்ளக் எத்தனையாவது இடத்தில் மாட்டப்பட்டது என்று நினைவு ஓடியது. அதற்குள் கார் மறுபடி உயிர் பெற்று, கோட்டுக்குள் ஒழுங்காகப் போய் நின்றது.

செவிலி கையில் முத்திரை குத்திய தாளோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏன் நின்னுச்சுன்னு கேட்டாரு. என் காலுதான், அவசரத்துல தூக்கிட்டேன்னேன். பேனாவ வெச்சுட்டு என்னையே பாத்தாரு டீச்சர். இத்தன வருசத்துல வண்டி மேல பழி போடாத மொத ஆளு நீங்கதாங்குறாரு.”

ஆசிரியை காரின் மூடியை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, சுகாதார அலுவலகம் மூடுவதற்குள் போகலாம் என்று சாவியைச் செவிலியிடமே நீட்டினார்.

திங்கட்கிழமை முற்பகலில் செவிலி தம் பொறுப்பில் வந்த காரை ஒரு குறுகிய தெருவில் நிறுத்தி, மாடி ஏறி, ஒரு கதவைத் தட்டினார். உள்ளே பாயில் கிடந்தது, ஒன்பது வாரத்துக்கு முன் அவர் கையில் நீலம் பாரித்து வந்து, இரண்டு தட்டுத் தட்டிய பிறகே அழுத பெண்குழந்தை. இப்போது மணிக்கட்டில் மடிப்பு விழும் அளவுக்குக் கொழுத்திருந்தது. செவிலியை ஏற இறங்கப் பார்த்தது. அறிமுகம் இல்லை என்று முடிவு செய்தது போல, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது.