டி டிரைவ் அண்ணன்

அந்தப் பழைய மடிக்கணினியின் திரையில் ஐந்து நீலப் பட்டைகள் வரிசையாக நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதல் பட்டை ஒடுங்கிப்போயிருந்தது. மற்ற நான்கும் அளவெடுத்து வெட்டியதுபோல ஒரே அகலம். சிங்கப்பூரில் பூன் லே பக்கம் தொழிலாளர் விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்த நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வாங்கிய கணினி அது. நால்வருக்கும் ஒரே கப்பல் பட்டறையில் வேலை. எங்களில் மூத்தவர் தூத்துக்குடிக்காரர், கப்பலைச் சுற்றிச் சாரம் கட்டுபவர். அவரைத்தான் டி டிரைவ் அண்ணன் என்று கூப்பிட்டோம்.

அந்தப் பெயருக்கு அவரேதான் காரணம். ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதும், அண்ணன் குறுக்கே புகுந்து, நாலு பேருக்கும் நாலு சம பங்கு வேண்டும் என்றார். ஊரில் ஒரு பொதுச்சுவருக்காகக் கூடப்பிறந்தவர்களோடு பேச்சை முறித்துக்கொண்டு வந்தவர். பங்கு விஷயத்தில் கறார். “சி டிரைவுக்குக் கொஞ்சம் தாராளமா விடுங்கண்ணே, விண்டோஸ் அங்கதான் இருக்கும்” என்று கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார். “ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு லா அவ்ளோ பெரிய ஹால்?” என்றார் அண்ணன். நாங்கள் மூவரும் தலையாட்டினோம். கணினி தெரிந்தவன் என்று அறையில் எனக்கு ஒரு பெயர் இருந்ததால் நான் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன். சி கணினிக்கு. மூப்பு வரிசையில் அண்ணனுக்கு டி, இளையவனான எனக்குக் கடைசியில் ஜி.

மற்ற இருவரும் சினிமா நிரப்பினார்கள். அண்ணனின் டி முழுக்க அவர் மகள். அவர் விமானம் ஏறி மூன்று மாதம் கழித்துப் பிறந்த குழந்தை. கவிழ்ந்தது, தவழ்ந்தது, ஞானஸ்நானத்தில் பாதிரியாரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது என்று வீடியோ வீடியோவாக இருந்தது. அண்ணனின் போன் கடலில் விழுந்துவிட்டது. ஊரில் மனைவியின் போனும் பழுதாகிவிட்டது. அந்தப் படங்களுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, தினம் சாயங்காலம் ஒன்றிரண்டு பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு.

ஒரு வருஷம் கழித்து, பட்டறையில் என்னைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பும் பரீட்சையும் கணினி வழியாக. அதற்கான மென்பொருளை ஏற்ற முயன்றால், சி டிரைவில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. வகுப்பு தொடங்க நாலே நாள். இந்த வாய்ப்பு போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. என் ஜி டிரைவ் காலியாகத்தானே கிடக்கிறது, அதை அழித்து சி-யோடு சேர்த்துவிட்டால் ஆயிற்று. அழித்தேன். கடைசி நீலப் பட்டை கறுப்பானது. யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்று அதற்கு அர்த்தம். சி-யைப் பெரிதாக்கப் போனால், அதற்கான கட்டளை மங்கிப்போய் அழுத்தவே முடியவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “கடைசியில காலி இருந்து என்ன பிரயோஜனம் தம்பி? ஒட்டுனாப்புல இருக்கணும். சி-க்கு அடுத்தது டி. டி போனாத்தான் சி வளரும்” என்றார். மேதாவி என்ற என் பட்டம் அன்றைக்கே போயிற்று.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்துச் சொன்னேன். காலியான இடத்தில் மறுபடி ஜி உண்டாக்கி, வீடியோக்களை அங்கே நகலெடுத்துவிட்டு, டி-யை அழிக்க வேண்டும். “நகல் எடுத்தா மங்கிடும்ல?” என்றார் அவர். போனில் ஆளுக்கு ஆள் அனுப்பும்போது வீடியோ மங்குவதைப் பார்த்திருக்கிறார். எங்கே மாற்றினாலும் கொஞ்சம் தேயும் என்றே நம்பிக்கொண்டிருந்தார். தேயாது என்று சத்தியம் செய்தேன். “அப்ப நகல முழுசா பாப்போம். ஒண்ணுவிடாம. நீயும் உக்காரு.”

உட்கார்ந்தேன். பாடக்குறிப்பு மடியில் கிடக்க, மூன்று சாயங்காலம் அந்தக் குழந்தையோடு போனது. உப்புமாவைத் துப்புவது மட்டும் ஏழு தடவை. ஒரு தடவை பொறுமையிழந்து ஓட்டிவிடப் பார்த்தேன், அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நடுவுல கெட்டிருந்தா?” எதுவும் கெட்டிருக்கவில்லை. கடைசியில் டி-யை அழிக்கும் பொத்தானை அவரே அழுத்தினார், சிலுவை போட்டுக்கொண்டு. பட்டை கறுத்தது; சி அதை விழுங்கிப் பெரிதானது. டி போனாலும் அண்ணனின் பெயர் மாறவில்லை. ஜி-யில் அவர் மகளின் வீடியோக்களும் என் பாடங்களும் ஒன்றாகக் குடியிருந்தன. பங்கு கேட்ட மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேறினேன். புது வேலையில் முதல் வாரமே, ஒரு கப்பலின் ஓரம் எழுந்திருந்த சாரத்தைச் சோதிக்கப் போனேன். சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு. கட்டியது டி டிரைவ் அண்ணன். மூன்றாம் தட்டில் குழாய்களை இணைக்கும் ஒரு பிடி தளர்ந்திருந்தது. கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத் தன் ஒரே பொக்கிஷம் இருந்த இடத்தையே அழித்தவர். சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன்.

அண்ணன் ஏறி, பிடியை முடுக்கிவிட்டு இறங்கினார். “இப்பப் பாரு. முழுசா பாரு.” பார்த்தேன். பச்சை போட்டேன். மதியம் கேண்டீனில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முழங்கினார்: “எம் பொண்ணை வீடு மாத்தவெச்சுப் படிச்ச பய, என் சாரத்துக்கே செவப்பு போட்டுட்டான் லா! இனிமே நான் தைரியமா ஏறுவேன்.” எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான் இப்போது இங்கேயே பாசிர் ரிஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். என் கணினியில் சி மட்டும்தான், அதிலும் பாதி காலி. அண்ணன் ஊர் திரும்பிச் சில வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் பின்னாலிருந்து வந்து, அவர் தோளில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“இறங்கு தாயீ. சித்தப்பா பாக்குறாரு, செவப்பு அட்டை போட்டுருவாரு.”