மெழுகு போட்ட நூல்

என் வீட்டுக்காரர் அகுஸ்தேனுக்கு வாய் கிடையாது, விரல்தான் பேசும். காரைக்கால்ல இருந்து சைகோனுக்கு வந்து பதினோரு வருஷமா ஒரு பிரெஞ்சுக்காரர் கடையில கடல் தூண்டில் கழி கட்டுறார். கழி நெடுக கயிறு ஓடுற வளையங்களை அவர்தான் பொறுக்குவார். எஃகு வளையம் உப்புக் காத்துல துருப்பிடிக்கும். உள்ளே கல் பதிச்ச வளையம் வழவழன்னு இருக்கும். ஆனா கல்லுல மயிரிழை விரிசல் இருந்தா போச்சு, பெரிய மீன் இழுக்கிறப்போ கயித்தை அறுத்துடும். அது கண்ணுக்குத் தெரியாது. பட்டு நூலை உள்ளே விட்டு இழுத்தாத்தான் சிக்கும். வார்னிஷ் பட்டுச் சொரசொரத்த இவர் விரல்லயே நூல் சிக்குறதால, தையல்காரி நான் இழுத்துப் பார்ப்பேன்.

போன மாசம் கடை வாடிக்கைக்காரத் துரை முசியே ஃபெர்னானுக்கு, இவர் கட்டின கழியில ரெண்டு தடவை கயிறு அறுந்து மீன் போச்சு. "இன்னொரு தடவை அறுந்தா நீ வேலைக்கு வர வேண்டாம்"னு முதலாளி இவர்கிட்ட சொல்லிட்டார். துரைக்குக் கட்டுற புதுக் கழிக்கு ஏழு வளையத்தையும் நான்தான் பார்த்தேன். ஒண்ணும் சிக்கலை. கட்டிக் கொடுத்தாச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கவுனுக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தேன். கை தானா நூலை மெழுகுக் கட்டியில இழுத்தது. மாதாவே! வளையத்துக்கு விட்ட நூலையும் பழக்க தோஷத்துல இப்படித்தானே இழுத்தேன்? மெழுகு போட்ட நூல் எந்த விரிசல்ல சிக்கும்? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அழுதுகிட்டே இவர்கிட்ட சொன்னேன். "ஏழு மணிக்கு துரை வுங் டாவ் கடலுக்குக் கிளம்புறார்"னு இவர் வளையப் பையை எடுத்தார்.

"திட்டவாவது செய்யுங்களேன்!"

"நட."

நடக்கவா செஞ்சோம், ஓடினோம். துரை வீட்டு வாசல்ல காரு உறுமிக்கிட்டு நிக்குது, மேலே கழி. "பார்தோன், முசியே"ன்னு மன்னிப்புக் கேட்டு இவர் கழியை அவுத்து எறக்கினார். மெழுகில்லாத நூலை விட்டேன். அஞ்சு வளையத்துல வழுக்கிட்டுப் போச்சு. ஆறாவதுல சிக்கி அறுந்தது.

துரை முகம் சிவந்தது. "இதைப் பார்த்துச் சரின்னு சொன்னது யாரு?"

"நான்தான், முசியே."

பொய்! பதினோரு வருஷத்துல இந்த மனுஷன் வாயில வந்த முதல் பொய். எனக்குப் பொறுக்கலை. "இல்லை, நான்! மெழுகு போட்டுத் தொலைச்சேன்!"னு கத்திட்டேன்.

துரை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். "அரை மணி நேரம். கடையில சொல்ல மாட்டேன்."

இவர் புது வளையம் ஒண்ணை எடுத்தார். இனி என்னை நம்புவாரான்னு ஒதுங்கி நின்னேன். அதை என் கையில வச்சார்.

"நீயே பாரு, மாதலேன்."