தலை கழுவும் தொட்டி இருந்த கடை

1. வியாழக்கிழமை

"தேவி, உன்னோட மளிகைக்கடைக்காரருக்கு அந்தக் கடை கிடைக்காது. போன் பண்ணிச் சொல்லிடு."

என் மேலாளர் கீத் இதைக் கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். கெட்ட செய்தியை எப்போதும் அப்படித்தான் சொல்வார். யாராவது திருப்பிக் கேள்வி கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிடலாம் அல்லவா!

இரண்டாயிரங்களின் நடுவில், ஆங்கிலேயர் நாட்டில், ஹாரோ பக்கம் ஒரு சிறிய ஏஜென்சியில் கடைகளை வாடகைக்கு விடும் வேலை எனக்கு. ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் நின்றுவிட்ட மலேசியத் தமிழச்சி நான். வீடுகளுக்கு நடுவே ஏழெட்டுக் கடைகள் ஒட்டி நிற்கும் வரிசையை எங்கள் தொழிலில் 'பரேட்' என்போம். ரெய்னர்ஸ் லேனில் போய்ப் பாருங்கள், கிங்ஸ்பரியில் பாருங்கள், மோர்டனில் பாருங்கள். பேப்பர் கடை, சிக்கன் கடை, மருந்துக்கடை, லாண்டரி, பந்தயம் கட்டும் பெட்டிங் கடை, பலசரக்கு, சலூன். பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இவங்களுக்கு வேற யோசனையே வராதா?" நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சிவநேசன் அண்ணனைச் சந்தித்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடம் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்தவர். ரெய்னர்ஸ் லேன் பரேட் ஒன்றில் சலூன் மூடிய கடை காலியாகக் கிடந்தது. அதை எடுத்துப் பலசரக்குக் கடை போட வேண்டும் என்று வந்தார்.

"அண்ணே, அந்த வரிசையிலயே ஒண்ணு இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு. நீங்க மூணாவது," என்றேன்.

"மூண்டாவது எண்டால் என்ன, தங்கச்சி? கிங்ஸ்பரியில என்ர மச்சானுக்கு நல்லா ஓடுது. எனக்கும் ஓடும்."

அவருடைய மார்க்கெட் ரிசர்ச் அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன, கூடவே படம் போட்ட அறிக்கை ஒன்று வைத்துக்கொள்கின்றன. மச்சானிடம் கேட்டால் எந்த மொத்தக்கடை நம்பிச் சரக்குத் தரும், எந்தக் கிழமை மரக்கறி வரும் என்று எல்லாம் தெரிந்துவிடும். தெரியாத தொழிலில் இறங்கினால் யாரைக் கேட்பது?

அந்த வியாழக்கிழமை வந்த வினை என்னவென்றால், பரேட்டில் ஏற்கெனவே இருந்த பலசரக்குக்காரரின் லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், ஒரு நிபந்தனை இருந்தது. இந்த வரிசையில் இன்னொரு பலசரக்குக் கடைக்கு இடம் தரமாட்டேன் என்று கட்டட உரிமையாளர் எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறார். மனுஷர் அதைச் சுத்தமாக மறந்துபோனார். அவருடைய வக்கீல் மறக்கவில்லை.

அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "வேலையை விட்டிட்டன், தங்கச்சி," என்றார். "சனிக்கிழமை பால் காய்ச்ச நாளும் வச்சாச்சு. மோர்டனில இருந்து பெரியக்கா வாறா. மச்சான் குடும்பம் வருது. நிப்பாட்டினால் அபசகுனம்."

லீஸில் கையெழுத்தே விழவில்லை, அதற்குள் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள்! நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

2. தொட்டி

இந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம், கடையை ஆள் தேர்ந்தெடுப்பது பாதி, ஆளைக் கடை தேர்ந்தெடுப்பது பாதி. சிக்கன் கடை மூடினால் அங்கே புகைக்குழாய் நிற்கும். புதிதாக ஒன்று வைக்கக் கவுன்சிலிடம் அனுமதி வாங்குவது லேசான வேலை இல்லை. ஆகவே அடுத்து வருகிறவரும் பொரிக்கிறவராகத்தான் இருப்பார். சலூன் மூடினால் தொட்டியும் சுடுதண்ணீர் பாய்லரும் கண்ணாடியும் நிற்கும். அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு சாமான் அடுக்கும் ராக்கை அடிக்க உரிமையாளருக்கும் மனம் வராது.

அந்தக் கடையிலும் பின்பக்கம் தலை கழுவும் தொட்டிகள் அப்படியே இருந்தன. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். சலூன் என்றால் நாளைக்கே தருகிறேன் என்றார் உரிமையாளர். அண்ணனின் மனைவி சாந்தி அக்காவோ, ஹாரோவில் ஒரு சலூனில் முடி வெட்டும் வேலையில் இருந்தார். எனக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரித் தெரிந்தது. உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அது சரிவராது."

"ஏன் அண்ணே? தொட்டி இருக்கு, தொழில் தெரிஞ்ச ஆள் வீட்டுலயே இருக்காங்க..."

"சரிவராது எண்டு சொல்லுறன் எல்லே."

போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் சாந்தி அக்கா கூப்பிட்டார்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. ஊரில தலைமயிர் வெட்டுற ஆக்களை எங்கட சனம் வாசலுக்கு வெளியில நிப்பாட்டி வச்சிருந்தது. இஞ்ச நான் வெள்ளைக்காரன்ர கடையில செய்தால் அது ஜொப், வெறும் வேலை. எங்கட பேரில கடை போட்டால் சனம் வேற மாதிரிக் கதைக்கும் எண்டு அவருக்குப் பயம். அதிலயும் பெரியக்காவுக்குத்தான் கூடப் பயம்."

"உங்களுக்கு அக்கா?"

"எனக்கு என்ன பயம்? எனக்கு அந்தக் கடை வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டி, அகதியாக நின்று, இரவும் பகலும் உழைத்து நிமிர்ந்த மனுஷர் இதை மட்டும் பெட்டியில் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருக்கிறாரே என்று. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவருடைய பயத்திலும் பொய் இல்லை.

3. சனிக்கிழமை

சாவி கேட்டபோது கீத் என்னை உற்றுப் பார்த்தார். "கடையே கிடைக்கலை. அப்புறம் எதுக்குப் பால்?"

"ஒரு சட்டி பால்தான், கீத்," என்றேன். ஒரு மணி நேரத்தில் பூட்டிவிட வேண்டும் என்று சாவியைத் தந்தார்.

கடையில் சாமிப்படம், குத்துவிளக்கு, மின்னடுப்பில் புதுச்சட்டி. பட்டுச்சேலையோடு பெரியக்கா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிங்ஸ்பரி மச்சான் ராக்கை எங்கே வரவேண்டும் என்று சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார். கடை இல்லை என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

சட்டியில் பால் ஊற்றியாயிற்று. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆங்கிலேயப் பாட்டி வந்தார்.

"அப்பாடா, திறந்துட்டீங்களா! நான் வாராவாரம் இங்கதான் வருவேன். மூடினதுல இருந்து பஸ் ஏற வேண்டியிருக்கு. நாளைக்குப் பேரனுக்குக் கல்யாணம். தலையைக் கொஞ்சம் பார்த்துவிடம்மா."

விளக்கையும் பட்டுச்சேலைகளையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, நேரே பின்பக்கம் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்குள் சாந்தி அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டார். மதியம் ஷிப்ட் இருந்ததால் கத்திரிக்கோல் கைப்பையிலேயே இருந்தது. குழாயைத் திறந்து, தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்த்து, பாட்டியின் தலையை ஒரு கையில் ஏந்திக் கழுவ ஆரம்பித்தார். அண்ணன் தரையைப் பார்த்து நின்றார்.

கழுவி, துடைத்து, வெட்டி, சீவி முடித்தார். பாட்டி கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் தன்னைப் பார்த்துக்கொண்டார். "நானே கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்," என்று சிரித்தார். அவர் எழுந்து போகும்வரை பெரியக்கா கண்ணை எடுக்கவில்லை.

"சிவநேசன்," என்றார் பெரியக்கா.

"ஓம் அக்கா."

"இது என்ன கடை?"

அண்ணன் தொட்டியைக் கையால் காட்டினார். "பலசரக்குக்குத் தரமாட்டினமாம் அக்கா. சலூனுக்கு எண்டால்தான்..."

"பிறகென்ன?" பெரியக்கா எழுந்து, கொண்டையை அவிழ்த்தபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "சாந்தி, எனக்கும் உந்த நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடு. மோர்டனில ஒருத்தி அநியாயத்துக்குக் காசு வாங்குறாள், வெட்டவும் தெரியாது."

பால் எப்போதோ பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் தீய்ந்த வாசம். நல்ல சகுனத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மூலையில் கிடந்த தும்புத்தடியை எடுத்து வந்தார். பாட்டியின் வெள்ளை முடியை மெதுவாகக் கூட்டி அள்ளினார்.

"தங்கச்சி, அந்த லீஸைக் கொண்டு வாங்கோ," என்றார் நிமிராமலே.

4. பிள்ளைகளுக்கு

ஆகவே, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளே, ஒரே மாதிரிக் கடைகளைப் பார்த்து யோசனை இல்லாதவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே குழாய் இருக்கும், லீஸ் இருக்கும், மச்சான் இருப்பார், பழகிய காலோடு வரும் ஒரு பாட்டி இருப்பார். இன்டர்நெட் வந்து வீடியோ கடையை மூடியது, டிராவல்ஸை மூடியது. தலையைக் கழுவிவிட அதற்குக் கை இல்லை. பலகையைப் பார்த்துக் கடையை எடை போடாமல், உள்ளே போய் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

திங்கட்கிழமை கீத் கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அந்தக் கடைக்கு ஆள் கிடைச்சாச்சாமே. என்ன பிசினஸ்?"

"சலூன்."

"முன்னால இருந்த அதேதானா?"

"ஆமா கீத்," என்றேன். "அதேதான்."