புகார் கொடுக்கப் போன மிதவை

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் படகு வாங்கச் சொன்னவன் நான்தான். திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் ஃபிளாட் வாங்கிய புதிதில் எல்லோரும் சன்னல் வழியே ஏரியைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினோம். மழைக்காலத்தில் ஏரியே எங்களைப் பார்க்க வந்துவிட்டது. மறு வருடம் காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்றை வாங்கினோம். எப்போதோ சுற்றுலாவில் பெடல் படகு மிதித்தவன் என்பதால் ஓட்டும் பொறுப்பு எனக்கு. பொறுப்பு வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். சொந்தமாக ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

போன மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் முதல் பயணி மூன்றாம் மாடிப் பெரியவர், கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்சுலின் தீர்ந்துபோய், தானே பார்த்து வாங்கினால்தான் திருப்தி என்று மருந்துக்கடைக்குக் கிளம்பியிருந்தார். எங்கள் மூன்று தெருவுக்கும் பாலும் மருந்தும் கொண்டுவந்தது ஒரு மிதவைதான். நான்கு நீல டிரம்களைப் பலகையில் கட்டி, மூங்கிலால் தள்ளிக்கொண்டு வருவார் பழைய ஊர்க்காரர் ஒருவர். கொஞ்சம் நிலம், மற்ற நாளில் ஷேர் ஆட்டோ. ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாத எதிலும் ஏற மாட்டேன் என்று பெரியவர் என் படகுக்காகக் காத்திருந்தார்.

ஒரு கையில் துடுப்பு. மறு கையில் செல்போன், சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வீடியோ. தெருமுனை திரும்பினால் எதிரே மிதவை. அதன் கட்டுக்கம்பி கிழித்ததில் படகு புஸ்ஸென்று அடங்கியது. இரண்டு பேரும் தண்ணீரில். நான் மிதந்தபடியே விசில் ஊதிக் காப்பாற்றச் சொல்லிக் கத்தினேன். பெரியவர் எழுந்து நின்றார்.

"தம்பி, காலை ஊனுங்க" என்றார்.

மிதவைக்காரர் இருவரையும் பலகையில் ஏற்றினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரோட்டுப் பழக்கம் விடுமா?

"ஹார்ன் அடிச்சுட்டுத் திரும்பக் கூடாதா? இடது பக்கமா வரக் கூடாதா?"

"ட்ரம்முல எங்க சார் கீது ஹார்னு?" என்றார் அவர்.

நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே பெரியவர் சட்டம் சொன்னார். "விபத்து நடந்தா படகு ஓட்டினவங்க இடத்தை விட்டுப் போகக் கூடாது. அடிபட்டவங்களுக்கு உதவணும். எதிராளிகிட்டப் பேர், விலாசம் சொல்லணும். அப்புறம் அதிகாரிக்கு எழுத்துமூலமாத் தெரிவிக்கணும்."

முதல் கடமையில் எனக்குச் சிரமமில்லை, ஓட்டைப் படகு எங்கே போகும்? இரண்டாவதை எதிராளியே செய்துவிட்டார். தினமும் வீட்டு வாசலில் பால் போடுகிறவருக்கு என் விலாசம் எதற்கு? மிச்சமிருந்தது நாலாவது.

மிதவை பெரியவரை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனது. நான் வீட்டுக்கு வந்து, தண்ணீரில் விழுந்தும் பிழைத்துக்கொண்ட செல்போனிலிருந்து வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்தேன். 'அனுமதியில்லாத மிதவை மோதிச் சங்கப் படகு நாசம்' என்று குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. மிதவையைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுத, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பக்கப் புகார் தயார்.

மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது? படகு மாடிக் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மிதவையைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"எங்க சார்?"

"போலீஸ் ஸ்டேஷன்."

"குந்து." என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நனஞ்சிடப் போவுது, இப்டி குடு." அதைப் பால் கொண்டுவரும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பனியனுக்குள் செருகிக்கொண்டு, மூங்கிலை ஊன்றித் தள்ளினார். வழியெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் தாளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையை மறுபடி செருகிக்கொண்டார். உள்ளே ஏட்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"மிதவையைப் புடிச்சு வச்சிரலாம். ஆள் எங்க இருப்பான்?"

"வாசல்ல நிக்கிறாருங்க."

"நீங்க எதுல வந்தீங்க?"

"அதுலதான்."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "அதைப் புடிச்சுட்டா எதுல திரும்பிப் போவீங்க?"

நான் திரும்புவது கிடக்கட்டும். நாளைக்குப் பால் எதில் வரும், பெரியவருக்கு மருந்து எதில் வரும்? வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளைத் திரும்ப வாங்கி இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அடியில் ஒரே வரி எழுதினேன்: 'படகை ஓட்டிய நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் விபத்து நடந்தது.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "அண்ணே, தப்பு என் மேலதான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தெரியும் சார். நீ ஃபோன பாத்துக்கினு வந்தத நா பாத்தேனே."

"அப்ப நேத்தே ஏன் கேக்கலை?"

"பெரியவரு நடுங்கிக்கினு இருந்தாரு. சண்ட போட்டுக்கினு இர்ந்தா மருந்துக்கட மூடிடுவான்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டு பலகையில் ஏறினேன். அவர் பனியனுக்குள்ளிருந்து அந்தப் பால் பையை எடுத்து என் முன் நீட்டினார்.

"ஃபோன இதுல போடு சார். ஊடு வர்ற வரிக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."