தனி ஆவர்த்தனத்தில் ஒரு பொன்னாடை

எங்கள் கோயில் திருவிழாக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்பது பொன்னாடை போர்த்தும் நேரம். பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கத்தைத் தனியே வாசிக்க விடுகிறார். ஆகவே ஆள் சும்மா இருக்கிறார் என்பது பரிபாலன சபைச் செயலாளரின் கண்டுபிடிப்பு. பாடகரின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படுவதில்லை. படுவதற்கு அவர் மேடையைப் பார்க்க வேண்டும். அவர் பார்ப்பது கமராவை.

போன திருவிழாவில் வாசித்தவள் என் மகள். இந்தியாவில் மிருதங்கம் படித்துவிட்டு வந்து, கிடைத்த வங்கி வேலையை வேண்டாமென்று, இதுதான் தொழில் என்று நின்றவள். இந்த மேடையில் பெயர் எடுத்தால் மூதூரிலும் திரியாயிலும் கூப்பிடுவார்கள். பெயர் கெட்டால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். துறைமுகத்து ஈரக்காற்றில் மிருதங்கத் தோலில் சுருதி இறங்கிவிடுமோ என்று பயந்தபடி முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். காற்று ஒன்றும் செய்யவில்லை.

அவள் தனியை முடித்துவைக்கும் முத்தாய்ப்பை நெருங்கும்போது செயலாளர் பொன்னாடையோடு மேடையேறினார்.

“ஐயா, ஒருக்காக் கமராவைப் பாருங்கோ.”

ஐயா பார்த்தார். தாளம் போட்ட கையைத் தூக்கி, இரண்டு கையாலும் கும்பிட்டார். கை மறுபடி தொடைக்கு வந்தபோது ஓர் எண்ணிக்கை பிந்தியிருந்தது. மகள் சரியான இடத்தில் முடித்தாள். பாடகர் தன் இடம் வரும்வரை வாயைத் திறந்தபடி காத்திருந்து, பிந்தித் தொடங்கினார். தொடங்கியதும் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிழை அவளுடையது என்று நம்ப, கேட்டிருந்த சனத்துக்கு அந்தப் பார்வை போதுமாயிருந்தது. வயலின்காரர் வில்லின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“பிள்ளைக்குக் கணக்கு இன்னும் பிடிபடேல்லை,” என்றார் பாடகர், மேடைக்குப் பின்னால் வடையைக் கடித்தபடி.

“ஓம் ஐயா, சின்னப் பிள்ளைதானே,” என்றார் செயலாளர். தாளம் எந்தப் பக்கம் என்று தெரியாத மனிதர், என் பிள்ளைக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஓட்டோவில் மகள் சொன்னாள்: “ஒண்டைக் கூட்டி வாசிச்சு அவரைக் காப்பாத்தியிருக்கலாம் அம்மா. பக்கவாத்தியக்காரர் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை.”

“பிறகேன் செய்யேல்லை?”

“அவர் கும்பிடப் போனதுக்கு என்ர கை ஏன் பொய் சொல்லவேணும்?”

நியாயம்தான். ஆனால் அதன் பிறகு மூதூர்க்காரர் கூப்பிடவில்லை. திரியாய்க்காரர், “பிறகு பாப்பம்” என்றார்கள். தொலைபேசி அடிக்காத வீட்டில் நான் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

அந்தக் காணொளியை முகநூலில் போட்டது செயலாளரேதான். அதன் கீழே யாழ்ப்பாணத்து மிருதங்கக்காரர் ஒருவர், “பாடகரின் கையைப் பாருங்கள்” என்று எழுதினார். அவர் அவளை அங்கே ஒரு கச்சேரிக்கும் கூப்பிட்டார். செயலாளர் காணொளியை இன்றுவரை எடுக்கவில்லை. பொன்னாடை அதில் வடிவாக விழுந்திருக்கிறதாம்.

நேற்று அவர் மகளுக்கு அழைப்பு எடுத்தார்.

“இந்த முறையும் வாங்கோ பிள்ளை. போன முறை நடந்ததை நாங்கள் மறந்திட்டம்.”

“வாறன் மாமா. ஆனா பொன்னாடையைக் கச்சேரி முடியப் போர்த்துங்கோ.”

“முடிய ஆர் நிப்பினம்? சனம் முழுக்கச் சோத்துக்குப் போயிடுமே!”

“அப்ப பந்தியில வச்சுப் போர்த்துங்கோ. நான் வரேல்லை.”

ஊரில் இருந்த ஒரே பெரிய மேடையையும் அவள் விட்டுவிட்டாள். போனை வைத்தவள், குசினிக்குப் போய் மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு ஒட்ட ரவை பிசைந்துகொண்டு வந்து, சாதகத்துக்கு உட்கார்ந்தாள்.